பதியம் போடும் கைகள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது மேற்குத் தொடர்ச்சி மலை இடப்பக்கம் கூடவே வரும். அந்தச் சாலையை ஒட்டி, வீட்டு வாசலிலும் மாடியிலும் படர விடுகிற பூங்கொடிகளை வளர்த்து விற்கிற ஒரு சின்ன நர்சரி. கொடிகள் முழுக்க ஓர் அக்காவின் பொறுப்பு. அவர் பதியம் போடுவதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

பிச்சிக்கொடிக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தரையோடு ஓடிய கிளைகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நெருடிப் பார்த்தார். தளிராக இருந்தால் அழுகிவிடும், ரொம்ப முற்றிப்போயிருந்தால் வேர் விட நாளாகும். பென்சில் பருமனில் ஒன்று அகப்பட்டது. கணுவுக்குக் கீழே கத்தியைச் சாய்த்துப் பாதி ஆழம் கீறி, வெட்டு மூடிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு சிராய்த் துணுக்கைச் செருகினார். பிறகு கிளையை வளைத்து மண்ணுக்குள் அமுக்கி, மேலே ஒரு கல். இவ்வளவும் நான் நோட்டைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

அறுபடாத பாதித் தண்டு வழியே தாய்ச்செடியின் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். இலைகள் சமைத்த உணவில் ஒரு பங்கு கீழே இறங்க வழியின்றி வெட்டுவாயில் தேங்கும். வேர் பிடிப்பது அந்த இடத்தில்தான். அதற்கு மூன்று நான்கு மாதம் ஆகும். அதுவரை ஈரம் காயக்கூடாது, தண்ணீர் கட்டியும் நிற்கக்கூடாது. கவரில் நிற்கிற செடியைப் பார்த்து, "குச்சிக்கா இந்த விலை?" என்று பேரம் பேசுகிறவர்களுக்கு இந்த மாதங்கள் கண்ணில் படுவதில்லை. எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது.

காகிதப்பூக் கொடிகளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது வெள்ளைத் துணி நாடாவால். பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியின் கழிவு. சணல் தண்டை அறுக்கும், கட்டுக்கம்பி இன்னும் மோசம். இது மெத்தென்று இருக்கும், கொடி தடித்து இறுகுவதற்குள் தானே இற்றுப்போகும் என்றார். ஊரின் ஒரு தொழில் இன்னொரு தொழிலுக்குக் கைகொடுப்பதை இத்தனை கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

காகிதப்பூவில் நாம் பூ என்று நினைக்கும் சிவப்பும் ஊதாவும் நிறம் மாறிய இலைகள். உண்மையான பூ நடுவில், வெள்ளையாய், குட்டிக் குழல்போல இருக்கும். இந்த ஊர் வெயிலுக்கு அதைவிடத் தோதான கொடி இல்லை. தண்ணீரைக் குறைத்து, வேர் நெருக்கிய தொட்டியிலேயே விட்டால் பூத்துக் குலுங்கும். சீராட்டினால் இலையாகத் தள்ளும்.

ரங்கூன் மல்லி வேறு வகை. சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஸாகி, பிறகு சிவக்கும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். வெள்ளையாக இருக்கிற முதல் இரவில் வாசம் தூக்கும், விட்டில்கள் தேடி வரும். வாசல் வளைவுக்கு இதைக் கேட்டு வருகிறவர்களே அதிகமாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் செடி வளர்ப்பு வெறும் பொழுதுபோக்கு அல்ல. பெரியாழ்வார் நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிய ஊர். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருப்பதி பிரம்மோற்சவ கருட சேவைக்கு இன்றும் இங்கிருந்து போகிறது. மாலை கட்டுகிறவரை ஊருக்குத் தெரியும். மாலைக்கு முந்தைய வேலையைச் செய்கிற இந்தக் கைகளை யாரும் கேட்பதில்லை.

நான் கிளம்பும் நேரம், குண்டுமல்லி வாங்கிப்போன ஒருவர் திரும்பி வந்தார். இரண்டு வருஷமாகத் தழைக்கிறது, பூ குறைவு என்றார்.

"வெட்டுனீங்களா அண்ணாச்சி?"

"பச்சைச் செடிய எப்படிம்மா வெட்ட?"

"புதுக் கொழுந்துலதான் மொக்கு வைக்கும். கார்த்திகையில முழங்கால் உயரத்துக்கு நறுக்கிருங்க. இலையையும் உருவிப் போடுங்க. மாசி பங்குனியில வந்து சொல்லுங்க."

அவர் தலையாட்டினாலும் முகம் தெளியவில்லை. அக்கா எழுந்துபோய்த் தொட்டி மல்லி ஒன்றைத் தூக்கி வந்து, அவர் கையில் கத்திரியைக் கொடுத்து, எந்தக் கணுவுக்கு மேல் வெட்டுவது என்று விரல் வைத்துக் காட்டினார்.