அடுத்த வயல் எங்கே?

பெருமாளும் திருமழிசை ஆழ்வாரும் ஓர் இரவு தங்கியதால் 'ஓரிரவு இருக்கை' என்று பெயர் வந்து, அது ஓரிக்கை ஆனதாகச் சொல்வார்கள். பாலாற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில், சொர்ணவாரி நெல் அறுத்த வயலோரம் ஒரு வாத்துக்காரக் குடும்பம் இருபது இரவுகளாகத் தங்கியிருக்கிறது. தார்ப்பாய்க் கூடாரம், அடுப்பு, வலை, மகளின் புத்தகப்பை என எல்லாம் ஒரு மினி லாரியில் அடங்கிவிடும். திரும்பிப் போக வேறு வீடு கிடையாது. இருக்கும் சொத்து 500 வாத்துகள்.

உதிர்ந்த நெல், நத்தை, புழு என்று மேய்ந்ததில் இதுவரை தீவனச் செலவு அதிகம் இல்லை. வயலுக்கும் எரு சேர்ந்தது. இப்போது சம்பாவுக்கு உழவு தொடங்கிவிட்டது. இன்னும் பத்து நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று கணவனும் மனைவியும் கணக்குப் போடுகிறார்கள்.

முதல் வழி, குறுவை அறுவடை நடக்கும் தஞ்சை, திருவாரூர் பக்கம் போவது. புரட்டாசி, ஐப்பசியில் அங்கே மேய்ச்சல் கிடைக்கும். ஆனால் போகவும் வரவும் லாரி வாடகை உண்டு. மழை முந்திக்கொண்டாலோ, அறுத்த உடனே தாளடிக்கு உழுதுவிட்டாலோ மேய்ச்சல் நாள் குறைந்துவிடும்.

இரண்டாவது, ஓரிக்கையிலேயே இருப்பது. மனைவிக்கு நடவு வேலை கிடைக்கும், மகள் பள்ளியை விட வேண்டாம். ஆனால் வாத்து ஒன்றுக்கு நாளைக்கு 120 கிராம் தீவனம் என்றாலும் 500 வாத்துக்கு 60 கிலோ. ஏரியில் மேய்ந்து பாதி வயிறு நிரம்பினாலும் 30 கிலோ வாங்கிப் போட வேண்டும். அதில் நடவுக் கூலி கரைந்துவிடும்.

மூன்றாவது வழியை ஒரு மேஸ்திரி கொண்டுவந்தார். வாத்துகளை விற்றுவிட்டு, தை பிறந்ததும் செங்கல் சூளைக்கு வரச் சொன்னார். முன்பணம் இப்போதே கைக்கு வரும், இருக்கிற கடனும் தீரும். கணவனுக்கு ஆசை வந்துவிட்டது. கேரளாவில் பறவைக் காய்ச்சல் வந்தால் இங்கே முட்டை விலை விழுகிறது. 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் வாத்துகளை அழித்தபோது பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை.

மனைவி ஒன்றைத்தான் கேட்டார். "வாத்து நஷ்டமானா வித்துட்டு வேற வேலைக்குப் போலாங்க. சூளையில கணக்கு தீரலன்னா எங்க போறது? நாம ரெண்டு பேர் மட்டும் இல்ல, புள்ளையும் சேர்ந்துதான் கல்லு அறுக்கும்."

முன்பணத்தைக் காட்டி ஒருவரைக் கட்டிப்போட்டு வேலை வாங்குவது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனும் செல்லாது. ஆனால் சட்டம் வந்து மீட்கும்வரை பட்டதெல்லாம் பட்டதுதான்.

கடைசியில் பாதிப் பாதியாக முடிவெடுத்தார்கள். முட்டை குறைந்த கிழ வாத்துகளை விற்று, வந்த பணத்தில் லாரி வாடகைக்கு எடுத்து வைத்தார்கள். மீதி வாத்துகளோடு கணவனும் அவர் தம்பியும் குறுவை வயலுக்குப் போகிறார்கள். வயல்காரர் தன் மோட்டார் கொட்டகையில் தங்க இடம் தந்ததால், மனைவியும் மகளும் நடவு முடியும்வரை ஓரிக்கையில் இருப்பார்கள். கடன் உடனே தீராது. ஆனால் புதிய கடன் இல்லை.

இப்படி ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது. தமிழ்நாட்டு ரேஷன் அட்டை இருந்தால், 2020 அக்டோபர் முதல் வேறு ஊர்க் கடையிலும் பொருள் வாங்கலாம். மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை என்று 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. லாரி ஏற்றும் முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டு, வாத்துகளுக்கு பிளேக் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

நில உரிமையாளர்கள் செய்யக்கூடியதும் உண்டு. வாத்துக்காரர் வந்து கேட்டால், கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்பதையும் மறு உழவு எப்போது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து பட்ட வயலில் ஒரு காலை மேய்ந்தால் போதும், அந்தக் குடும்பத்தின் மொத்த முதலும் செத்து விழும்.