ஆறு சிலிண்டர், ரெண்டு குழாய்

உங்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் இந்தக் கதை சட்டென்று புரியும். இல்லையென்றால் ஒரு பழைய கார் பற்றிய கட்டுரையாகவே படித்துக்கொள்ளுங்கள். நஷ்டமில்லை.

என் அப்பா கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளியிடம் டிரைவராக இருந்தவர். 1966-லிருந்து 22 வருஷம் அவர் ஓட்டியது ஒரே வண்டி. 48 மாடல் ஷெவர்லே. அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் ஒரு தொழிற்சாலை வைத்து, 1928-லிருந்து 1954 வரை இங்கேயே கார்களைப் பூட்டி விற்றது. ஆறு சிலிண்டர், மூன்றரை லிட்டர் இன்ஜின், சுமார் 90 குதிரை சக்தி. ஆறும் ஒரே வரிசையில், பந்திக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். "ஸ்டார்ட் பண்ணி பானட் மேல தண்ணி டம்ளர் வெச்சா அலுங்காது" என்பார் அப்பா. நான் வைத்துப் பார்த்ததில்லை. முதலாளி வண்டி!

அதே மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார் சித்தப்பா. ஒரே வீடு, ஒரே அடுப்பு. 1996-ல் பாகம் பிரிந்தது. வாசலுக்கு நடுவே சுவர் எழும்பியது. அன்றிலிருந்து அண்ணன், தம்பி பேச்சு நின்றது. கல்யாணத்துக்கு வருவார்கள், சாவுக்கு வருவார்கள். ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். காரணம் கேட்டால் இருவரும் வேறு வேறு கதை சொல்வார்கள். இரண்டுமே நம்பும்படியாக இருக்கும்.

2022-ல் சித்தப்பா மகன், என் தம்பி, சுவரைத் தாண்டி வந்தான். "பெரியப்பா, உங்க வண்டி கெடைச்சிருச்சுங்க."

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில், கோழி அடைகிற இடமாக இருந்ததாம். பழைய கார் பித்துப் பிடித்தவன் அவன். வாங்கி, ஒரு வருஷம் உழைத்து உயிர் கொடுத்துவிட்டான். அப்பா ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

பிரச்னை அடுத்த மாதம் வந்தது. வண்டிக்கு 'டூயல் எக்ஸாஸ்ட்' போடப்போவதாகச் சொன்னான் தம்பி.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த இன்ஜின், டெபிட், கிரெடிட் என்று இரண்டே சிலிண்டரில் ஓடுவது. அதனால் தம்பியை உட்காரவைத்து விளக்கம் கேட்டேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

இந்த இன்ஜினில் ஆறு சிலிண்டரும் வரிசைப்படி வெடிப்பதில்லை. 1, 5, 3, 6, 2, 4 என்று மாறி மாறி வெடிக்கும். உற்றுப் பாருங்கள். முன்வரிசை மூன்றில் ஒன்று, பின்வரிசை மூன்றில் ஒன்று, மறுபடி முன்னால், மறுபடி பின்னால். ஆறு பேரின் புகையும் ஒரே குழாய்க்குள் வருவதால், ஒருவர் வெளியேறி முடிப்பதற்குள் அடுத்தவர் முட்டுவார். முன் மூன்றுக்கு ஒரு குழாய், பின் மூன்றுக்கு ஒரு குழாய் என்று பிரித்துவிட்டால், ஒவ்வொரு குழாயிலும் சம இடைவெளியில் நிதானமாகப் புகை போகும். தள்ளுமுள்ளு இல்லை.

"இது நான் கண்டுபிடிச்சதில்லைங்கண்ணா. 1953-ல வந்த முதல் கார்வெட்டுல இதே குடும்பத்து ஆறு சிலிண்டர்தான். அதுக்குக் கம்பெனியே ரெண்டு குழாய் வெச்சுத்தான் குடுத்தாங்க" என்றான்.

"எவ்வளவு சக்தி கூடும்?"

"சும்மா நாலஞ்சு குதிரைங்க."

"செலவு?"

"முப்பத்தெட்டாயிரம்."

குதிரை ஒன்றுக்கு எட்டாயிரம் என்று மனசு கணக்குப் போட்டது. சொல்லவில்லை. ஆசைக்கு லெட்ஜர் கிடையாது.

அப்பாதான் கொதித்துவிட்டார். "நல்லா ஒண்ணாப் போயிட்டிருந்ததை ரெண்டாக்கணும். இந்த வம்சத்துக்கு வேற என்ன தெரியும்?" அவர் காரைப் பற்றித்தான் பேசினாரா என்பது உங்கள் யூகத்துக்கு.

தம்பி கேட்கவில்லை. இன்ஜினை ஒட்டியிருக்கும் புகைக்கூட்டை மேனிபோல்டு என்பார்கள். வார்ப்பிரும்பு. அதன் நடுவே தடுப்பு வைத்துப் பற்றவைத்து, இன்னொரு வாய் திறக்க வேண்டும். வார்ப்பிரும்பில் வெல்டிங் என்பது பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. முழுசாகச் சூடாக்கிப் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் 'டங்'கென்று விரிசல். கார்புரேட்டருக்கு அடியில் போகிற சூட்டையும் அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் காலைக் குளிரில் வண்டி அடம்பிடிக்கும்.

வண்டியில் இப்படிக் கை வைக்கச் சட்டத்திலும் கட்டுப்பாடு உண்டு. முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்வது உத்தமம். சத்தம் வரம்பு மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அதனால் இரண்டு குழாய்க்கும் இரண்டு சைலன்ஸர் போட்டான் தம்பி.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நான்தான் அப்பாவைப் பட்டறைக்கு இழுத்துப்போனேன். தம்பி ஸ்டார்ட் செய்தான். பழைய முனகல் இல்லை. பின்னால் இரண்டு பேர் கம்பீரமாகப் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு வண்டியின் பின்பக்கம் போய், வலது குழாய்ப் பக்கம் குனிந்தார். அப்புறம் இடது. "ஒரு காயிதம் குடு" என்றார். கையிலிருந்த வாரப் பத்திரிகையில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். (என் கட்டுரை வந்த பக்கம்!)

வலது குழாய் வாயருகே தாளைப் பிடித்தார். பட பட பட என்று ஒரே சீராக வெளியே தள்ளியது. இடது குழாயில் பிடித்தார். பட, பட... நடுவில் ஒருமுறை தாள் குழாய்ப் பக்கமே உறிஞ்சப்பட்டு ஒட்டியது. மறுபடி பட, பட... மறுபடி உறிஞ்சல்.

"பின்னாடி மூணுல ஒருத்தனுக்கு உடம்பு செரியில்லடா."

மரப்பிடி ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, ஒவ்வொரு பிளக்காகத் தொட்டு நெருப்பை அடக்கினார். நாலாவதை அடக்கியதும் இன்ஜின் தள்ளாடியது. ஆறாவதுக்கும் அப்படியே. ஐந்தாவதை அடக்கினார். வண்டி பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை. அவன் வேலையே செய்யவில்லை, சும்மா கூட்டத்தில் நின்றிருக்கிறான்.

திறந்து பார்த்தார்கள். ஐந்தாவது சிலிண்டரின் புகை வால்வு ஓரம் கருகித் தின்னப்பட்டிருந்தது. ஆறு மாதமாகக் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார் மெக்கானிக்.

"ஏனுங் பெரியப்பா, முன்னாடியே வந்து பாத்தீங்களே, அப்பத் தெரியலீங்களா?"

"தெரியல சாமி." அப்பா கையைத் துடைத்தார். "வெறும் ஐடிலிங்குலயே செகண்டுக்கு இருபத்தஞ்சு வெடி. ஆறும் ஒரே கொழாயில கத்துனா எவன் இருமறான்னு எப்புடித் தெரியும்? பிரிச்சாத்தான் கேக்குது."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், தம்பியைப் பார்க்காமல் கேட்டார். "உங்கொப்பனுக்கு இருமல்னு சொன்னாங்களே, எங்க காட்டறீங்க?"

26 வருஷம் கழித்து அந்த வீட்டைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி அது.

பிரிவதே தப்பு என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தவன்தான். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒன்றாக இருந்தபோது எங்கள் வீட்டில் யார் வலியும் யாருக்கும் தனியாகக் கேட்டதில்லை. பிரிந்த பிறகு கேட்டிருக்க முடியும். நாங்கள் குனிந்து காது கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வால்வு மாற்றி, இரண்டு குழாயும் சீரான பிறகு, அவிநாசி கோயில் வரை ஒரு ஓட்டம். தம்பி ஸ்டீயரிங்கில், நான் பக்கத்தில். பின் சீட்டில் அப்பா. 22 வருஷம் ஓட்டிய வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரமாக, மஃப்ளர் சுற்றிக்கொண்டு சித்தப்பா.

கருமத்தம்பட்டி தாண்டும்வரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் சித்தப்பா வெளியே பார்த்தபடியே சொன்னார்:

"இந்தப் பக்கத்துக் கொழாய் கொஞ்சம் சத்தம் ஜாஸ்தியா இருக்குதாட்ட இருக்குதுங்கண்ணா."

அப்பா காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இல்லடா, செரியாத்தான் இருக்குது. நீ கண்ணாடிய ஏத்திக்க. காத்து அடிக்குது."