முப்பத்தாறாம் பல்

“கடைசியா எப்ப சார் பல்லைக் காட்டினீங்க?” என்று அந்த இளம் மருத்துவர் கேட்டார். பல்லைக் காட்டுதல் என்னும் தொடருக்குத் தமிழில் உள்ள பொருள்கள் எல்லாம் ஒரு கணம் நினைவில் வந்து போயின. இளித்தல், கெஞ்சுதல், மலிவுத் துணி இரண்டாம் சலவையில் தன் தரத்தை வெளிப்படுத்திவிடுதல். கண்கூசும் விளக்கின்கீழ் மல்லாந்து வாயைப் பிளந்து கிடப்பவருக்கு மூன்றுமே பொருந்தும். “ரெண்டு மூணு வருஷம் இருக்கும்மா” என்றோம். உண்மையில் பதினோராண்டுகள் ஆகியிருந்தன. அவர் சிறு கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்குள்ளேயே பார்க்கத் தெரிந்தவரிடம் வாயால் பொய் சொல்லியிருக்கிறோம் என்பது அதன்பிறகே உறைத்தது.

இது 2023 நவம்பரில் நடந்தது. விடைத்தாள் திருத்தும் காலம். அதற்கு முந்தைய நான்கு இரவுகள் நாம் பட்ட பாட்டை விரித்துரைப்பது வாசகருக்குச் செய்யும் கொடுமை. பட்டவர்களுக்குத் தெரியும், படாதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. பகலில் முணுமுணுக்கும் வலி படுத்தவுடன் பேரோசையாக மாறுவது ஏன் என்று மட்டும் மருத்துவரிடம் பின்னர் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பல்லின் நடுவே நரம்பும் குருதிக் குழாய்களும் அடங்கிய மென்கூழ் இருக்கிறது. அதைச் சுற்றியிருப்பதோ வளைந்துகொடுக்காத சுவர். படுக்கும்போது தலைப்பக்கம் குருதி அழுத்தம் கூடுகிறது. வீங்கிய கூழுக்கு விரிய இடமில்லை. ஓர் அறைக்குள் அடைபட்டவன் சுவரை முட்டுவதுபோல் அது முட்டுகிறது.

அந்த நான்கு இரவுகளும் வழக்கப்படி கிராம்பும் உப்பு வெந்நீருமாகக் கழிந்தன. கிராம்பைப் பழிப்பதற்கில்லை. அதிலுள்ள யூஜெனால் வலியை மழுங்கச் செய்வது மெய்தான். பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைக்கிறார்கள். ஆனால் அந்தச் சிறு நிவாரணம்தான் நம்மை நாற்காலியில் ஏறவிடாமல் தடுக்கிறது. இதைவிடப் பெரிய மோசடி ஒன்றுண்டு. சில நாள் உயிரை வாங்கிய வலி ஒரு காலையில் தானாக நின்றுவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று மகிழ்ந்து முறுக்குக் கடிக்கப் போவோம். பெரும்பாலும் அன்று நடந்திருப்பது, உள்ளிருந்த நரம்பு இறந்துபோனது. அதன்பின் சீழ் சேரும் வரையில் அமைதிதான்.

மருத்துவர் உதவியாளரிடம், “முப்பத்தாறு, ரூட் கெனால்” என்றார். நமக்குத் திகைப்பு. மனிதனுக்குப் பற்கள் முப்பத்திரண்டுதானே? கணக்கு வேறு விதமாம். வாயை நான்காகப் பகுத்து, மேல் வலத்தில் தொடங்கி மேல் இடம், கீழ் இடம், கீழ் வலம் என ஒன்று முதல் நான்கு வரை எண் கொடுக்கிறார்கள். நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஒவ்வொரு பகுதியிலும் எட்டுப் பற்கள். ஆகவே முப்பத்தாறு என்பது மூன்றாம் பகுதியின் ஆறாம் பல். இடது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். ஆறு வயதையொட்டி, எந்தப் பாற்பல்லும் விழாமலே, எல்லாவற்றுக்கும் பின்னால் சந்தடியின்றி முளைக்கும் நிலைப்பல் அது. அதையும் விழுந்து முளைக்கும் பல் என்றே நினைத்துப் பெற்றோர் அசட்டையாக விட்டுவிடுவதால், சொத்தை அதிகம் விழுவதும் அதில்தானாம். எங்கள் வீட்டில் அசட்டை என்று சொல்லமாட்டோம். ரோஜா நிறக் கோபால் பல்பொடியை உள்ளங்கையில் கொட்டி, ஆள்காட்டி விரலால் தேய்த்து, பள்ளிக்கு ஓடினோம். அதற்குமேல் பல்லுக்கு என்ன செய்யவேண்டும் என்பது எங்கள் தெருவில் எவருக்கும் தெரியாது. ஆசாரக்கோவை காலையில் கோலைத் தின்னச் சொல்லிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. இரவில் என்ன செய்யவேண்டும் என்பதில்தான் நம் மரபு சற்று மௌனம் சாதிக்கிறது.

ஊசியைப் பற்றிச் சொல்லவேண்டும். கீழ்ப் பற்களுக்கு உரிய நரம்பு தாடை எலும்புக்குள் நுழைவதற்கு முன்பே மறித்து மருந்தைச் செலுத்துகிறார்கள். அந்த நரம்பின் கிளைதான் கீழுதட்டுக்கும் போவதால் அதன் ஒரு பாதி இரண்டு மூன்று மணி நேரம் நம்முடையதாக இருப்பதில்லை. அதன் கனம் தெரிகிறது, இருப்புத் தெரிவதில்லை. மருத்துவர் அனுப்பிவைத்தபோது பகல் பன்னிரண்டரை. இரண்டு மணிக்கு இளங்கலை மூன்றாமாண்டுக்கு வகுப்பு இருந்தது. விடுப்பு எடுத்திருக்கலாம். எடுக்காததற்குக் கடமையுணர்ச்சி காரணமன்று. தற்செயல் விடுப்பு தீர்ந்துபோயிருந்தது.

அன்றைய பாடம் தொல்காப்பியத்தின் பிறப்பியல்! எழுத்துகள் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் எண்ணும் எட்டில் பல்லும் ஒன்று, இதழும் ஒன்று. இதழோடு இதழ் சேரப் பகரமும் மகரமும் பிறக்கும். மேற்பல்லும் கீழிதழும் இயைய வகரம் பிறக்கும். நாவின் நுனி பரந்து மேற்பல்லின் அடியைத் தொட்டால் தகரமும் நகரமும். பதினெட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு பருவமும் இதை வாயசைத்துக் காட்டிக் கற்பித்திருக்கிறோம். அன்றும் வாயசைத்தோம். பகரம் ஒரு பக்கமாக ஒழுகிற்று. வகரம் வெறுங்காற்றாகப் போயிற்று. முன்வரிசையில் அடக்கிய சிரிப்பு பின்வரிசையில் அடங்கவில்லை. ஒருவன் எழுந்து, “சார், இப்ப ‘வ’ எங்க சார் பிறக்குது?” என்றான். நல்ல கேள்வி. நாமும் சிரித்தோம். “உக்காருப்பா தம்பி” என்று சொல்ல வாயெடுத்தோம். ‘தம்பி’ வரவில்லை. தகரம் சரியாகத்தான் வந்தது. நடுவில் இதழ்கள் கூடவேண்டிய இடத்தில் கூடாமல், கேட்பவருக்கு ஒன்றும் விளங்காத ஒலி வந்தது. இன்னொரு முறை முயன்றோம். அப்படியே பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டோம். அதன்பின் அந்த மணி முழுவதும் எழுதிப்போட்டே நடத்தினோம்.

பிள்ளைகள் நாம் வெட்கப்பட்டுவிட்டதாக எண்ணியிருப்பார்கள்.

எங்கள் அம்மாவுக்கு மேல் வரிசையில் வலி வந்தது 2004 வாக்கில். “மேல்பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும்டா” என்றார். தமிழ்நாட்டில் இதைக் கேளாத குடும்பம் இருக்காது. மேற்பற்களுக்கு உணர்ச்சி தருவது ஐந்தாம் மண்டை நரம்பின் நடுக்கிளை. பார்வைக்கு உரியது இரண்டாம் நரம்பு. ஒன்றில் கை வைத்தால் மற்றது கெடாது என்று இன்று நாம் பெரிய அறிஞரைப்போல் எழுதுகிறோம். அன்று இதைக் கேட்டறிந்து அம்மாவுக்குச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மாலைப்பொழுது. ஆனால் அந்த ஆண்டு தம்பிக்குப் பொறியியல் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. நாம் மணிக்கணக்குக்கு ஊதியம் பெறும் விரிவுரையாளராக இருந்தோம். அச்சம் அம்மாவுடையது, அது நமக்கு வசதியாக இருந்தது. “சரிம்மா, இஷ்டம்” என்று விட்டுவிட்டோம். அந்த அச்சம் அம்மாவுக்கும் வசதியாக இருந்ததோ, கட்டணக் கணக்கை அவரும் போட்டுப் பார்த்துத்தான் கண்ணைக் காரணம் காட்டினாரோ என்ற ஐயம் இப்போது உண்டு.

சொத்தையைவிட அவரைக் கெடுத்தது ஈறு நோய். ஈறு பல்லைவிட்டு விலகி, பற்றியிருந்த எலும்பு கரைந்து, பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. ஈறு நோய் அதிகம் வலிப்பதில்லை. அதனால் அது நோயென்றே அவர் எண்ணவில்லை, வயது என்று எண்ணினார். 2012இல் மேல் வரிசைக்கு முழுப் பல் செட் கட்டினோம். அவரை அழைத்துப் போன அன்றுதான் நாமும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பல்லை அடைத்துக்கொண்டது. தொடக்கத்தில் சொன்ன பதினோராண்டுகள் அன்றிலிருந்து எண்ணியவை.

பல் செட்டு அவருக்குப் பிடிக்கவே இல்லை. அண்ணத்தை முழுக்க மூடிக்கொள்வதால், “ரசத்துல சூடே தெரியலடா” என்பார். இரவில் கழற்றி எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, மேலே ஒரு தட்டை வைத்து மூடுவார். கழற்றியபின் யாராவது வந்தால் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேச்சு. நாமும் தம்பியும் மட்டும் அந்த வாயைப் பார்த்திருக்கிறோம்.

2016 ஆகஸ்டில் நுரையீரல் தொற்று என்று மருத்துவமனையில் சேர்த்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோகும்போது செவிலியர் பல் செட்டைக் கழற்றி, பஞ்சில் சுற்றி, பாலித்தீன் உறையில் இட்டு நம்மிடம் கொடுத்தார். மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும் என்பதால் அப்படிச் செய்வதே முறை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் மாலை பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். அம்மா விழித்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். நம்மைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். முதலெழுத்துக் குழைந்திருந்தது. அகரம் கேட்டது, இறுதியில் இகரம் கேட்டது. ‘தண்ணி’ என்று எடுத்துக்கொண்டோம். வாய்வழியாகத் தண்ணீர் கூடாது, வேண்டுமானால் நனைத்த பஞ்சால் உதட்டைத் துடையுங்கள் என்றார் செவிலியர். துடைத்தோம். அம்மா தலையை அசைத்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். மறுபடியும் துடைத்தோம். நேரம் முடிந்தது. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புனேயிலிருந்து புறப்பட்டிருந்த தம்பி அப்போது ரயிலில் இருந்தான்.

‘தண்ணி’யில் நடுவே வருவது ணகரம். நுனிநா அண்ணத்தைத் தொட்டுப் பிறப்பது. அதற்கு இதழ் கூடவேண்டியதில்லை. அம்மா இரண்டு முறையும் இதழ்களை மூடித் திறந்தார். நாம் அரையடி தூரத்தில் நின்று அதைப் பார்த்தோம். பல்லில்லாத வாயில் தகரம் மங்கலாம். மகரமும் பகரமும் மங்கா, அவற்றுக்குப் பல் வேண்டாம். நாம் காதால் கேட்டோமே தவிரக் கண்ணால் கேட்கவில்லை. பிறப்பியலை ஆண்டுதோறும் நடத்தியும் இது ஏழாண்டுகளுக்குப் பின், பாதி உதடு மரத்துப்போய் வகுப்பில் நின்றபோதுதான் விளங்கிற்று.

வேர் சிகிச்சை மூன்று அமர்வுகளில் முடிந்தது. மெல்லிய ரப்பர்த் துணியால் பல்லைத் தனிமைப்படுத்தி, மயிரிழை போன்ற அரங்களால் மூன்று கால்வாய்களையும் சுரண்டிக் கழுவி அடைத்தார்; கடைசி நாளில் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி உயரம் பார்த்து உறை மாட்டினார். வலி என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. கைகள்தான் மூன்று நாளும் நாற்காலிப் பிடியை விடவில்லை. “ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்துடுங்க சார்” என்றார்.

இந்த ஆறு மாதக் கணக்கைப் பற்றிச் சிறிது படித்தோம். எல்லோருக்கும் ஒரே இடைவெளி தேவையில்லை என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2004இலேயே சொல்லியிருக்கிறது. வாயின் நிலையைப் பொறுத்து, வயது வந்தோருக்கு 3 மாதம் முதல் 24 மாதம் வரை வைத்துக்கொள்ளலாமாம். 2020இல் வந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போவோருக்கும் அதைவிட நீண்ட இடைவெளியில் போவோருக்கும் நான்காண்டுகளில் பெரிய வேறுபாடு இல்லை என்கிறது. சோம்பேறிகளுக்கு இனிய செய்தி. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே ஒழுங்காகப் பல் மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தவர்கள். பதினோராண்டுக்கு ஒரு முறை போகிறவர்களை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அறிவியலும் ஓரளவுக்குத்தான் கண்டுகொள்ளும்.

2024 மே மாதம் சொன்ன தேதியில் போனோம். தம்பி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தான். அவனுக்கும் மேல் வரிசையில் ஈறு விலகிக்கொண்டிருந்தது, சிரிக்கும்போது தெரிந்தது. “எனக்கொண்ணும் வலியெல்லாம் இல்லண்ணே” என்றவனை இழுத்துக்கொண்டு போனோம். கூடத்தில் கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டர் தாடை ஒன்று வாய் திறந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “அம்மாவோட பல் செட்ட என்னண்ணே பண்ணினே?” என்று கேட்டான்.

“பீரோல இருக்கு.”

“எதுக்கு வச்சிருக்க?”

அந்த மாலையைப் பற்றி அவனிடம் இதுவரை சொன்னதில்லை. அம்மா கடைசியாகத் தண்ணீர் கேட்டார் என்றுதான் அவனுக்கும் சொல்லியிருந்தோம். உறவினர் எல்லோருக்கும் அப்படியே. இப்போது சொல்லிவிடலாம் என்று, “தம்பி...” எனத் தொடங்கினோம். சொல் தெளிவாகவே வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். கைப்பேசியை நம்மிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.