தாத்தாக்களா... தம்பிகளா?

எங்க சாக்கோட்டையில டீக்கடை பெஞ்சுலேர்ந்து தண்ணி வத்தின கண்மாய்ல ஆடுற கிரிக்கெட் வரைக்கும், பசங்க கூடினா ஒரே பட்டிமன்றம்தான். சி.எஸ்.கே. மாதிரி பெரிய டீம் ஒண்ணு சரிஞ்சா என்ன செய்யணும்? பெரிய பேருங்களா வாங்கிப்போட்டு உடனே கப்புக்கு மோதணுமா? இல்லை, சின்னப் பசங்களை வெச்சு அடியிலேர்ந்து கட்டணுமா?

முதல்ல 'அனுபவம்தான் பாஸ்' கட்சிக்கு ஒரு சல்யூட். ரெண்டு வருஷத் தடை முடிஞ்சு 2018-ல் சென்னை திரும்பினப்போ, 'அப்பாக்கள் டீம்'னு கிண்டலடிச்சாங்க. தோனிக்கும் வாட்சனுக்கும் 36 வயசு, இம்ரான் தாஹிருக்கு 39. ஃபைனல்ல வாட்சன் 57 பந்துல 117 அடிச்சு எல்லார் வாயையும் அடைச்சார். அப்புறம் 2021, 2023-லயும் கப் நமக்குத்தான்!

ஆனா, 2025? 14 மேட்ச்சுல நாலே வெற்றி. முதன்முறையா கடைசி இடம். அந்த இருட்டுலயும் ஒரு வெளிச்சம். காயம்பட்ட ருதுராஜுக்குப் பதிலா பாதியில வந்த 17 வயசு ஆயுஷ் மாத்ரே, பெங்களூருக்கு எதிரா 94 அடிச்சான்.

'அமெரிக்க பேஸ்பால்ல ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் டீம் 2011, 2012, 2013 மூணு வருஷமும் 100 மேட்ச்சுக்கு மேல தோத்துட்டு, 2017-ல் சாம்பியன் ஆகலையா?'ன்னு ஒரு நண்பன் மடக்குறான். (அந்த கப் மேல எதிரணி சைகையைத் திருடின கறை படிஞ்சது தனிக்கதை!) ஆனா, அந்த வருஷங்கள்ல அங்கே கடைசியா வந்த டீமுக்குத்தான் புதுப் பசங்கள்ல முதல் சாய்ஸ். இங்கே கடைசியா வந்தா மீம்ஸ்தான் பரிசு. காசைக் கொட்டவும் வழியில்லை... 2025 சீஸனுக்கு எல்லா டீமுக்கும் ஒரே 120 கோடி. பொறுமையா வளர்த்தாலும், 2018, 2022, 2025 சீஸன்களுக்கு முன்னாடி வந்த மாதிரி மெகா ஏலம் வந்து பாதி டீமைக் கலைச்சுடும்.

ஆக, ஏழு வருஷம் காத்திருக்கிற கதை இங்கே ஓடாது. வளர்த்துக்கிட்டே ஜெயிக்கணும். 2025 தோல்விக்கு அப்புறம் சென்னையும் ரெண்டையும் கலந்துதான் செஞ்சுது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனைக் கூட்டி வந்தாங்க. டிசம்பர் ஏலத்துல, இந்தியாவுக்காக ஒரு மேட்ச்கூட ஆடாத பிரஷாந்த் வீர், கார்த்திக் சர்மாவுக்கு ஆளுக்கு 14.20 கோடி!

என் கணக்கு சிம்பிள். காசு எல்லாருக்கும் சமம்னா, பெரிய டீம்கிட்ட கூடுதலா இருக்கிறது என்ன? கூட்டம். அதாவது, நாம! 'தோனி வரணும், விக்கெட் விழட்டும்'னு நினைக்கிற கூட்டத்துக்கு முன்னாடி எந்தத் தம்பி தைரியமா மட்டையைச் சுத்துவான்? மூணு மேட்ச்ல டக் அவுட் ஆன பையனுக்கு நாலாவது மேட்ச்லயும் விசில் அடிச்சோம்னா, அது எந்த ஏலத்துலயும் கிடைக்காத சொத்து.

நம்ம காலேஜ் டீமையே பாருங்களேன். இங்கே எல்லாருக்கும் நாலு வருஷ கான்ட்ராக்ட்தான். எங்க டீம்ல ஆடுற 11 பேர்ல 8 பேர் ஃபைனல் இயர். ரெண்டு வருஷமா தண்ணி பாட்டில் தூக்குறவன் நான். அந்த எட்டு பேரும் மொத்தமா கிளம்பினா, ஆடிப் பழகின மூணே பேர்தான் மிச்சம்! சீனியர்ஸ் வேண்டாம்னு சொல்லலை. அவங்க எதிர்முனையில நிக்கும்போதே ரெண்டு ஜூனியர் இறங்கினாத்தான், பதற்றமான ஓவர்ல என்ன செய்யணும்னு கத்துக்க முடியும்.

அடுத்த வருஷம் நான் ஃபைனல் இயர். ரெண்டு ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு கண்டிப்பா இடம் வேணும்னு, கேப்டனாகப் போறவன்கிட்ட இப்பவே சொல்லிட்டேன். 'அப்போ உன் இடமே போகலாம்டா'ன்னு சிரிச்சான். போகட்டும்!

'சரி, அந்தத் தம்பி முதல் பந்துலயே அவுட்டானா?'ன்னு கேட்டான். அடுத்த மேட்ச்சும் அவனுக்குத்தான்னு சொல்லியிருக்கேன். உங்க டீம்ல எப்படி ஃப்ரெண்ட்ஸ்?