தறி கட்டிய வீடு

ஆரணிக்கு ரயிலில் போக விரும்புகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. காட்பாடி - விழுப்புரம் பாதையில் "ஆரணி ரோடு" என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. அந்த "ரோடு" என்ற சொல்லை அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது. ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். ஆரணிப் பட்டணத்துக்கு அங்கிருந்து இன்னும் சில மைல் போயாக வேண்டும். ஆகையால் வேலூரிலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ பஸ்ஸில் போய்ச் சேர்வதே உத்தமம்.

ஊர் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது. ஆறு அணி செய்வதால் ஆரணி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். வருஷத்தில் பெரும் பகுதி ஆற்றில் மணலைத்தான் பார்க்கலாம் என்பது வேறு விஷயம். சரித்திரம் படித்தவர்களுக்கு 1751-ஆம் வருஷத்தில் கிளைவ் இங்கே நடத்திய சண்டையும், 1782-இல் ஹைதர் அலியின் சேனையும் அயர் கூட் என்னும் ஆங்கிலத் தளபதியின் சேனையும் மோதியதும் ஞாபகம் வரும். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஞாபகம் வருவது பட்டுப் புடவை. அந்தப் புடவை பிறக்கிற வீட்டைப் பற்றித்தான் இங்கே சொல்லப் புகுந்தேன்.

இந்நாளில் புது வீடு கட்டுகிறவர்கள் வாயில் "உள்ளமைப்பு", "உள் அலங்காரம்" என்ற இரண்டு சொற்கள் அடிக்கடி அடிபடுகின்றன. இரண்டும் ஒன்றுதான் என்பதே பலருடைய எண்ணம். சுவருக்கு என்ன வர்ணம், ஜன்னலுக்கு என்ன திரைச் சீலை, கூடத்தில் எந்த விளக்கு என்று யோசிப்பது அலங்காரம். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் எங்கே உட்கார்ந்து எந்த வேலையைச் செய்வார்கள், ஒருவர் வேலைக்கு மற்றவர் நடமாட்டம் இடைஞ்சல் ஆகாமல் இருக்க என்ன வழி என்று யோசிப்பது அமைப்பு. இதைப் புத்தகத்தில் படித்து அறிவதைவிட, ஆரணியில் ஒரு பழைய நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் சுலபமாக விளங்கும்.

வீட்டின் நடுநாயகமான இடம் தறிக்கு. தரையில் ஒரு குழி. நெய்கிறவர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதிகளை அழுத்துகிறார். வேலைக்கு வசதியான ஆசனம் என்பதோடு இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பட்டு இழை வறண்டால் அறுந்து போகும். குழியின் ஈரமும் குளிர்ச்சியும் அதைக் காப்பாற்றுகின்றன. ஆனால் அதே ஈரம் மழைக்காலத்தில் சத்துருவாகி விடுகிறது. குழியில் தண்ணீர் ஊறினால் நெசவு நின்றது; கூலியும் நின்றது. தெருமட்டத்திலிருந்து வீட்டின் தரையை எவ்வளவு உயர்த்துவது என்பது இங்கே அழகைப் பற்றிய கேள்வியே அல்ல.

தறிக்கு முன்னால் பாவு நீண்டு கிடக்கிறது. மூன்று நான்கு புடவைக்கான பாவு ஒரே முறையில் ஏறுவதால், குறுக்குச் சுவர் வைத்து அறை அறையாகப் பிரித்துவிட முடியாது. நிமிர்ந்து பார்த்தால் ஆளுயரத்துக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. துளையிட்ட அட்டைகள் மாலை போல் தொங்குகின்றன. கரையில் அன்னமோ மாங்காயோ எப்போது தலைகாட்ட வேண்டும் என்று உத்தரவிடுபவை அந்த அட்டைகளே. அவை தடையின்றிச் சுழலக் கூரை உயர்ந்திருக்க வேண்டும். அந்தக் கூரையின் ஓடுகளுக்கு நடுவே, நெய்கிறவர் கைக்கு நேராக, ஒரு கண்ணாடி ஓடு. கூடத்தில் மற்ற இடமெல்லாம் மங்கல். ஊடையும் ஜரிகையும் சேருகிற இடத்தில் மட்டும் பளிச்சென்று வெயில்! வீட்டு அம்மாள் ராட்டையில் தார் சுற்ற உட்காரும் மூலையும் காரணமில்லாமல் ஏற்பட்டதல்ல. கையெட்டும் தூரத்தில் தறி, தலை திருப்பினால் அடுப்பு, உத்தரத்தில் குழந்தையின் தூளி.

அலங்காரம் என்று பார்த்தால் சுவரில் சாமி படம், ஒரு காலண்டர், பெரியவர்களின் போட்டோ. அவ்வளவுதான்.

நெசவாளர் வீட்டுக்கு நேர் எதிரானதையும் பார்த்துவிடுவோம். ஆரணி மராத்திய ஜாகீர்தார்கள் ஆண்ட சீமை. அவர்கள் கட்டிய மாளிகைகளில் ஒன்று சத்தியவிஜயநகரத்தில் இருக்கிறது. மற்றொன்று பூசிமலைக்குப்பத்தில், காட்டோரத்தில், மேனாட்டுப் பாணியில் எழுந்தது. அதற்குக் கண்ணாடி மாளிகை என்றே பெயர். 1948-இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு ஜமீன்களும் ஜாகீர்களும் கதையாகிவிட்டன. மாளிகையில் பெயருக்குக் காரணமான கண்ணாடியும் போய்விட்டது. பெயர்த்து எடுக்கக் கூடியவை எல்லாம் போன பின்பு, வளைவுகளும் தாழ்வாரங்களும் நின்று, எங்கே விருந்தினர் உலாவினார்கள், எங்கே காற்று நுழைந்தது என்று சொல்கின்றன. நானாக இருந்தால் வீடு கட்டப் போகிறவர்களை முதலில் அங்கேதான் அழைத்துப் போவேன்.

ஜக்கார்டு என்றேன் அல்லவா? அது 1804-ஆம் வருஷத்தையொட்டிப் பிரான்ஸிலுள்ள லியோன் நகரத்து ஜோஸப் மரி ஜக்கார்டு அமைத்த யந்திரம். லியோனும் பட்டு நெசவு ஊர்தான். அங்கே க்ருவா-ரூஸ் என்னும் குன்றின் மேல் நெசவாளர்களுக்கென்று கட்டிய வீடுகளில் கூரை ஏறக்குறைய 4 மீட்டர் உயரம், நெடிய ஜன்னல்கள், தறியைத் தாங்கத் தடித்த உத்தரங்கள். படுக்கைக்கு மட்டும் பரண் போன்ற ஒரு மேல்தட்டு. தறிகள் மறைந்துவிட்டன. இப்போது அந்த உயர்ந்த கூடங்களுக்காகவே செல்வர்கள் அந்த வீடுகளை விரும்பி வாங்குகிறார்கள். தறிக்காகச் செய்த ஏற்பாடு இன்று நாகரிகமாகிவிட்டது!

ஆரணியில் நடப்பது வேறு. ஓட்டு வீடுகள் இடிந்து மெத்தை வீடுகள் எழுகின்றன. ஒழுகாத கூரையை யார் வேண்டாமென்பார்கள்? நெசவாளர்கள் ஓட்டு வீட்டிலேயே இருந்து நமக்குக் காட்சி தர வேண்டும் என்று சொல்வது பெரிய அநியாயம். ஆனால் புது வீட்டின் வரைபடம் பட்டணத்து வீட்டைப் பார்த்து எழுதியது. கூடம் இரண்டு அறையாகிறது. தரையில் வழவழக்கும் டைல்ஸ் பதிக்கிறார்கள், குழி மூடப்படுகிறது. பிறகுதான் தறி எங்கே என்ற கேள்வி பிறக்கிறது. வெளியே கொட்டகையில் கூலிக்குப் போய் நெய்யலாம். ஆனால் தார் சுற்றிக் கொடுத்த மனைவியும், அறுந்த இழையைப் பிணைத்துக் கொடுத்த தாயாரும் வீட்டை விட்டு அங்கே போக முடியுமா? அவர்களுடைய கைவேலை அதோடு நின்றுவிடுகிறது. சுவரின் வர்ணம் பிடிக்காவிட்டால் அடுத்த தீபாவளிக்கு மாற்றிக் கொள்ளலாம். குறுக்கே எழுப்பிய சுவரையும் மூடிய குழியையும் அப்படி மாற்றுவது எளிதா? ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; அந்தப் பெயரைக் காப்பாற்றும் தறிக்கு வீட்டில் இடம் கிடைக்க வேண்டாமா?

சிலர் மேஸ்திரியோடு மல்லுக்கு நின்று வேறு விதமாகக் கட்டியிருக்கிறார்கள். அடித்தளத்தைத் தெருவுக்கு மேலே நன்றாக உயர்த்தி, கீழ்க் கூடத்தைக் குறுக்குச் சுவர் இல்லாமல் தறிக்கு விட்டுவிட்டு, குடியிருப்பை மாடியில் வைத்துக் கொண்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் மாடியில் உட்கார்ந்து காப்பி சாப்பிடும்போது, கீழே அச்சு விழும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக் கொண்டிருக்கும்.