தமிழ் படிக்கத் தெரியாத என் வாசகி

கவிதை எழுதுகிறவனைப் பார்த்தால் நம்ம ஆட்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். "இதுல ஏதாவது வருமா சார்?" என்பது முதலாவது. "யார் படிக்கறாங்க?" என்பது அடுத்தது. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். வராது. புனேயில் குடியிருக்கும் எனக்கு இரண்டாவதுதான் உறுத்தும்.

பகலில் சாஃப்ட்வேர், ராத்திரியில் கவிதை என்று பிழைப்பு ஓடுகிறது. சின்னதாக இரண்டு தொகுப்பும் வந்தாயிற்று. வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மராத்தி, இந்தி, இங்கிலீஷ் மூன்றும் படிக்க வரும், தமிழ் வராது. அப்பா எழுதிய புத்தகம் அவளுக்கு வெறும் அட்டைப்படம். வெளியூரில் பிள்ளை வளர்க்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டுவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். ராத்திரி தோசைக்கு நடுவில்தான் அரங்கேற்றம்.

"கங்குல்னா என்னப்பா? கிரிக்கெட் கங்குலியா?"

"இல்லம்மா, ராத்திரி."

"அப்ப ராத்திரின்னே சொல்லலாமே?"

சொல்லலாம்தான். அந்தச் சொல் ஏன் அங்கே வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல முடிந்தால் அது இருக்கும், முடியாவிட்டால் அடித்துவிடுவேன். கண்ணால் படிக்கிறவர்கள் புரியாத சொல்லைத் தாண்டிப் போய்விடுவார்கள். காதால் கேட்கிறவள் அங்கேயே நின்றுகொள்கிறாள். இத்தனை கறாரான எடிட்டர் எந்தப் பத்திரிகையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பதிலுக்கு அவள் எனக்கு அறிமுகப்படுத்தியவர் பஹிணாபாய் சௌத்ரி. வடக்கு மகாராஷ்டிராவில், ஜள்காவ் பக்கத்து விவசாயப் பெண்மணி. 1880இல் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. வயல் வேலையும் வீட்டு வேலையும் பார்த்தபடியே, தன் ஊர் மராத்தியில் பாட்டுக் கட்டினார். தூக்கணாங்குருவிக் கூட்டைப் பற்றி அவர் கட்டியது என் மகளுக்கு மனப்பாடம். அவருடைய மகன் சோபான்தேவும் கவிஞர்தான். அம்மா பாடியதைக் கேட்டு எழுதி வைத்தவர். 1951இல் அம்மா இறந்தார். 1952இல் பாட்டுகள் புத்தகமாயின. ஜள்காவில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு 2018 முதல் அவர் பெயர்.

எழுத்து தெரியாமல் கவிஞராகலாம் என்றால், எழுத்து தெரியாமல் வாசகியும் ஆகலாம்தானே? ஆகலாம். ஆனால் காது மட்டும் போதும் என்று சொல்லிவிட முடியாது. எழுதி வைக்க ஆள் இல்லாமல் போயிருந்தால் பஹிணாபாய் என் மகள் வரைக்கும் வந்திருக்க மாட்டார். நான் வாசித்துக் காட்டும் வரை என் கவிதை அவளுக்கும் சொந்தம். எனக்கப்புறம்? அலமாரியில் அட்டைப்படம்தான்.

போன மாதம், அவளுக்குப் பிடித்த என் கவிதை ஒன்றை நான் சொல்லச் சொல்ல தன் நோட்டில் தேவநாகரியில் எழுதிக்கொண்டிருந்தாள். 'நிழல்' என்று வந்த இடத்தில் பென்சில் நின்றது. மராத்தியில் 'ள' உண்டு, 'ழ' கிடையாது.

"இதுக்கு என்ன போடறது?"

'ழ' எழுதிக் காட்டினேன். அத்தனை தேவநாகரிக்கு நடுவில் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது அது. அவள் எழுதிய முதல் தமிழ் எழுத்து.

இன்னும் 246 பாக்கி. பார்க்கலாம்.