யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது?

பிடோக் வட்டாரத்தில் வளர்ந்த நாங்கள் நால்வரும் ஒரே பள்ளியில் தமிழ் பயின்றவர்கள். ஒரே காற்பந்துக் குழுவை நேசித்தவர்கள். கேலாங் யுனைடெட் என்பது அதன் பெயர். எஸ் லீக் போட்டிகள் நடைபெற்ற காலத்தில் பிடோக் விளையாட்டரங்கமே பல ஆண்டுகள் அக்குழுவின் சொந்தத் திடலாக விளங்கிற்று. ஆட்டம் முடிந்ததும் நாங்கள் உணவங்காடி நிலையத்தில் ஒரு மேசையைச் சுற்றி அமர்வோம். தேநீர் ஆறிப்போகும், எங்கள் வழக்கு மட்டும் ஆறாது.

வழக்கு பெரும்பாலும் ஒன்றே. அடுத்த ஆண்டிற்கு எந்த முன்வரிசை ஆட்டக்காரரை வைத்துக்கொள்வது, எவரைப் புதிதாகச் சேர்ப்பது? ஒவ்வொரு குழுவும் சேர்க்கக்கூடிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஆகவே ஒருவர் வரவேண்டுமாயின் மற்றொருவர் போகவேண்டும். விரைந்து ஓடுபவரே வேண்டும் என்பார் ஒருவர். உயரமானவர் வேண்டும், எதிரணியின் காவலரைத் தோளால் தாங்கிப் பந்தைப் பிறர்க்கு அளிப்பவரே சிறந்தவர் என்பார் இன்னொருவர். கோல்களை மட்டும் எண்ணுவார் மூன்றாமவர். நான்காமவர் தேநீருக்குச் சர்க்கரை கேட்பார்.

2004-ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் மேசைக்கு வந்த பெயர் அலெக்சாண்டர் டூரிச். பாஸ்னியா நாட்டில் பிறந்த அவர், 1992-ஆம் ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக்கில் அந்நாட்டிற்காகப் படகோட்டியவர். நெடிய உருவினர். 2001-ஆம் ஆண்டு கேலாங் குழு லீக் பட்டம் வென்றபோது முன்வரிசையில் நின்றவர். ஆனால் அவருக்கு 34 வயது நிறைந்துவிட்டது. “இனி என்ன ஓடப்போகிறார்? வயதானவரை அனுப்பிவிட்டு இளையவர் ஒருவரைக் கொண்டுவருவதே அறிவுடைமை” என்று நாங்கள் ஏறக்குறைய ஒருமனதாகத் தீர்ப்பளித்தோம். எங்கள் தீர்ப்பைக் கேட்க எவரும் காத்திருக்கவில்லை என்பது வேறு செய்தி.

அன்று எங்களுள் ஒருவரின் தந்தையாரும் உடன் அமர்ந்திருந்தார். அதுவரை வாய் திறவாதிருந்த அவர் மெல்லக் கேட்டார்: “தம்பிகளா, 1996-இல் இதே குழு முதல் எஸ் லீக் பட்டத்தை வென்றதே, அதில் ஃபாண்டி அகமது இருந்தார் அல்லவா? அப்போது அவருக்கு என்ன வயது?”

நாங்கள் கணக்கிட்டோம். அவரும் அன்று 34 வயதினரே.

“பந்தை உதைப்பது கால்தான் தம்பி, பிறப்புச் சான்றிதழ் அன்று” என்று கூறிய பெரியவர், எங்கள் அனைவரின் தேநீருக்கும் தாமே காசு கொடுத்துவிட்டு எழுந்தார். “நாளைக் காலையில் ஒரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. நேரத்தோடு உறங்கவேண்டும்” என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அவர், அவ்வாண்டு ஆட்குறைப்பில் வேலையை இழந்திருந்தார். “வயதானவரை அனுப்பிவிடலாம்” என்னும் சொல்லை நாங்கள் அவர் முன்னிலையில் எத்தனை முறை கூறியிருப்போம்! அவர் மகனான எங்கள் நண்பரும் எங்களோடு சேர்ந்து கூறியவரே. அன்று அவர் வீட்டிற்குச் செல்ல நெடுநேரம் தயங்கினார்.

டூரிச் பின்னர் ஆயுதப் படைக் குழுவிற்குச் சென்றார். அக்குழு 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் லீக் பட்டம் வென்றது. 2007-இல் அவர் சிங்கப்பூர்க் குடிமகனானார். அவ்வாண்டு நவம்பரில் தம் 37-ஆம் வயதில் நாட்டிற்காக முதன்முறையாகக் களமிறங்கி, தஜிகிஸ்தானுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தார். மறுநாள் செய்தித்தாளை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் அமர்ந்திருந்தபோது அப்பெரியவர் வந்தார். வேறோர் இடத்தில் காவலர் பணி கிடைத்து, அப்பணிக்குரிய சீருடையில் இருந்தார். செய்தியைப் படித்தார், எங்களை நோக்கிப் புன்னகை செய்தார், ஒரு சொல்லும் கூறவில்லை. 2014-இல் டூரிச் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 44.

கேலாங் குழு 2013-இல் கேலாங் இன்டர்நேஷனல் என்னும் தன் பழைய பெயரை மீண்டும் ஏற்றது. 2019-இல் தெம்பனிஸ் திடலுக்குப் பெயர்ந்தது. 2001-க்குப் பின் லீக் பட்டம் அதன் கைக்கு எட்டவில்லை. ஒருவரை வைத்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நாங்கள் கூறமாட்டோம். இளையவரைச் சேர்ப்பதும் தவறன்று. இளையோர் வராத குழு வளராது. ஆயினும் ஒருவரின் ஆற்றலைக் காணாமல் ஆண்டுகளை மட்டும் எண்ணியது எங்கள் பிழையே.

திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அதனைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றவர்கள் நாங்கள். அதன் பொருளையோ உணவங்காடியில், ஒரு கோப்பைத் தேநீரின் முன்புதான் கற்றோம்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்கள் வகுப்பிற்கு ஓர் அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுக்கு வரலாம். வாதிடுங்கள், வாதம் அறிவை வளர்க்கும். ஆனால் ‘இவன் வேண்டா’ என்று சொல்லுமுன் அவன் ஆடுவதை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அருகில் யார் அமர்ந்து கேட்கிறார் என்பதையும் பாருங்கள்.